தாளாளர் வேகம்

தெய்வாத்தாள் கலை அறிவியல் கல்லூரியில் குத்துவிளக்கு ஏற்றாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். கழிப்பறைக்குப் புது மோட்டார் மாட்டியபோதும் ஏற்றினார்கள். ஐந்து திரி, ஐந்து பிரமுகர், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு போட்டோகிராபர். ஐந்தாவது பிரமுகர் திருப்பூரிலிருந்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை மாணவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் கணினி ஆய்வக உதவியாளனாக ஆறு வருடம் வேலை பார்த்தும் தமிழ்ச்செல்வனுக்கு ஒரு விஷயம் புரியாமலேயே போயிற்று. உருப்படியான எதையும் அங்கே யார் கண்ணிலும் காட்டக் கூடாது.

அவன் செய்து வைத்திருந்தது ஒரு செல்போன் ஆப். ஓடுகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டால் ‘டக் டக்’ என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டுக்குக் காலைப் போட்டால் வேகம் ஏறாது, இறங்காது. தவறினால் ஒரு குரல் சொல்லும். அவ்வளவுதான் அது.

அந்த ‘டக் டக்’ அவன் அப்பா சென்னியப்பன் ஓட்டுகிற விசைத்தறியின் சத்தம். சூலூரில் அவர்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறிக் கூடங்கள். தங்கை செவ்வந்தி விடிந்ததும் அந்தத் தெருவில் ஓடினால் கால் தானாகத் தறிச் சத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் போனால் தறியும் நிற்கும், அவள் ஓட்டமும் தாறுமாறாகும். கல்லூரி மைதானத்தில் தறி ஏது? ஐயாயிரம் மீட்டர் பந்தயத்தில் முதல் நான்கு சுற்றை வெறி பிடித்த மாதிரி ஓடிவிட்டு, எட்டாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்த்துத்தான் தமிழ்ச்செல்வன் அப்பாவின் தறியைச் செல்போனில் பிடித்தான்.

குரல் செவ்வந்தியுடையது. “வேற ஆரு சொன்னாலும் நான் கேக்க மாட்டேண்ணா. நானே சொன்னாத்தான் கேப்பேன்” என்று அவளே பேசிக் கொடுத்தாள். வேகம் குறைந்தால் “எட்டிப் போடு.” கூடினால் “அவசரப்படாத.” சரியாக இருந்தால் “நல்லாப் போற, இதே மாதிரிப் போ.”

இதில் விளையாட்டு எதுவும் இல்லை. செவ்வந்தி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். படிப்பும் அதோடு சரி. அணித் தேர்வுக்குக் கல்லூரிதான் பெயர் அனுப்ப வேண்டும். ஐயாயிரம் மீட்டரை இருபது நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். ஆப் வருவதற்கு முன்னால் அவளுக்கு இருபத்தொன்றரை நிமிடம் ஆனது. இரண்டு மாதம் கழித்துப் பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. உடற்கல்வி இயக்குநர் மதன்குமார் கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு முறை உதறிப் பார்த்தார். நல்ல மனிதர். சந்தோஷம் தாங்காமல் நேரே முதல்வர் அறைக்கு ஓடினார். கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாளே தமிழ்ச்செல்வனுக்குப் புத்தாக்க மையத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் பஞ்சு மூட்டை மாதிரி நாற்காலிகளும் கொண்ட அந்த மையம் திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை அங்கே புதிதாக உண்டானது கண்ணாடிக் கதவில் ஒரு விரிசல் மட்டும். மையத் தலைவி நந்திதா, தாளாளரின் மருமகள்.

“இது உங்க ஆப் இல்லீங்க ப்ரதர். நம்ம ஆப். காலேஜ் கம்ப்யூட்டர்லதான பண்ணுனீங்க? நீங்க டைப் அடிச்சீங்க, அவ்வளவுதான். கொத்தனாரு கட்டுனாருங்கறதுக்காக ஊடு கொத்தனாருது ஆயிருங்களா?”

தமிழ்ச்செல்வன் தலையாட்டினான். அவனுடைய மாமாவே கொத்தனார். கட்டின எந்த வீட்டுக்குள்ளும் அவர் பிறகு போனதில்லை.

“இந்த வருசம் செலக்‌ஷன் ட்ரையலையே நம்ம ஆப் வெச்சுத்தான் நடத்தப்போறோம். உங்க தங்கச்சிக்கு நல்லதுதானுங்களே?”

நல்லதுதான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான்.

உடனே குழு அமைத்தார்கள். ஆப்புக்குத் தாளாளரின் தாயார் பெயரை வைத்து ‘தெய்வாத்தாள் சீர்நடை’ என்றார்கள். திறந்ததும் அம்மையாரின் படம் வர வேண்டும். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. ஓடப் போகிறவர் ஐந்து திரியையும் விரலால் தொட்டு ஏற்றினால்தான் ஆப் மேற்கொண்டு நகரும். அதன் பிறகு கல்லூரிப் பாடல், மூன்று நிமிடம். பாடல் முடியும்வரை அசையாமல் நிற்கிறாரா என்று செல்போனே கண்காணிக்க வேண்டும், அசைந்தால் முதலிலிருந்து. ஒரு பேராசிரியர் “ஓடறதுக்கு முன்னால கைகால் உதறணுமுங்களே” என்று கேட்டார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் முதல்வர் கிருபாசங்கர் செவ்வந்தியின் குரலைக் கேட்டார். கேட்டவர் முகம் வெளுத்துவிட்டது.

“‘எட்டிப் போடு’ங்குதே! தாளாளர் ஐயா காதுலயும் இதேதானுங்க கேக்கும்? ஐயாவப் பாத்து ‘எட்டிப் போடு’ன்னா சொல்றது? நம்ம ஊரு மரியாதைக்குப் பேர் போன ஊரு தம்பி. அத உங்க செல்போன்ல தொலைச்சுப்போடாதீங்க.”

மரியாதைக் குழு என்று ஒன்று தனியாகக் கிளம்பியது. மூன்று அமர்வு, மூன்று முறை போண்டா. கடைசியில் ‘எட்டிப் போடு’ இப்படி ஆனது: “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, ஐயாவோட ஆசீர்வாதத்துல நீங்க நல்லாத்தானுங்க ஓடறீங்க, இருந்தாலும், சிரமமில்லீன்னா, முடிஞ்ச அளவுக்கு, கொஞ்சம் எட்டிப் போடுங்க.”

இதையும், இதே மாதிரி பணிவாக்கிய மற்ற இரண்டையும் பேசிப் பதிவு செய்யச் செவ்வந்தியை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஏழு பேர். அவள் நின்றாள். பத்தொன்பது தடவை சொல்ல வைத்தார்கள்.

“அம்மணி, வார்த்தையெல்லாம் சரியா வருது. பணிவுதான் கொஞ்சம் பத்தல. ஐயா முன்னால நிக்கற மாதிரி நெனச்சுட்டுச் சொல்லு கண்ணு.”

பத்தொன்பதாவது தடவை பணிவு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். உண்மையில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

மைதானத்தில் போட்டுப் பார்த்தபோது, அந்த வாக்கியம் முடிவதற்குள் அவள் அறுபது மீட்டர் தாண்டியிருந்தாள். ஒரு வளைவில் செய்த தவறுக்கு அடுத்த வளைவில் புத்தி வந்து சேர்ந்தது. நடுவில் தறிச் சத்தம் எங்கேயோ அமுங்கிப் போயிற்று.

“அண்ணா, என்னால இத வெச்சுட்டு ஓட முடியாது” என்றாள்.

“ட்ரையல் வரைக்கும் பொறுத்துக்கம்மா. பேரு போனாப் போதும்.”

ஆப்பைத் தாளாளர் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். தாளாளர் செங்கோடன் பம்ப்செட் தொழிலில் நின்று, பிறகு கல்விக்கு வந்தவர். தினமும் காலையில் வளாகத்தைச் சுற்றி நடப்பார். அவருக்கு மூன்றடி பின்னால் முதல்வர், ஐந்தடி பின்னால் துறைத் தலைவர்கள், அதற்கும் பின்னால் தண்ணீர் பாட்டில். அன்றைக்கு அவர் சட்டைப் பையில் ஆப் இருந்தது. நடக்க ஆரம்பித்த அரை நிமிடத்தில் அது, “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றது. பிறகு நிறுத்தவே இல்லை. ஓடுகிறவர்களுக்காகச் செய்தது, நடக்கிற கிழவரை அது என்னதான் செய்யும்? முப்பத்தெட்டுத் தடவை பணிவோடு கேட்டுக்கொண்டது.

அம்மாவின் சிலைக்கு முன்னால் தாளாளர் நின்றார். எல்லோரும் நின்றார்கள். பாட்டிலும் நின்றது.

“இந்தக் கல்லூரிக்கு வேகங்குடுத்தது ஆரு?”

“நீங்கதானுங்க ஐயா” என்று ஒரே குரலில் பதில் வந்தது.

“அப்பறம் எனக்கு வேகம் கொறையுதுன்னு சொல்றதுக்கு இது ஆரு? எங்கப்பாரு தோட்டத்துல வேலைக்கு இருந்தவங்க ஒருத்தரும் எங்கப்பாருக்கு முன்னால நடந்ததில்ல. ஓட்டத்த உடுங்க, நடக்கறதே கெடையாது. ஒழுக்கம்னா அது. இன்னைக்கு எல்லாருஞ் சமம்ங்கறாங்க. நானுந்தான் மேடைல சொல்றேன். அதுக்குன்னு முன்னால போயிருவாங்களா? நான் முன்னேற்றத்துக்கு எதிரி இல்லீங்க. எல்லாரும் முன்னேறோணும். எனக்குப் பின்னால முன்னேறட்டும்.”

கைதட்டினார்கள். தமிழ்ச்செல்வனும் தட்டினான். ஊரே தட்டும்போது தன் கை மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடும் என்று பயந்துதான் தட்டினான்.

அன்று மாலையே தீர்மானம் போட்டார்கள். ‘சீர்வேகம் எனப்படுவது மாண்புமிகு தாளாளர் ஐயா அவர்கள் காலையில் நடக்கும் வேகமே ஆகும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் சீர்கேடு எனக் கொள்ளப்படும்.’ அளந்து பார்த்ததில் ஒரு கிலோமீட்டருக்குப் பதினேழு நிமிடம் வந்தது. வழியில் நின்று தோட்டக்காரரைத் திட்டிய நேரமும் அதில் அடக்கம்.

தமிழ்ச்செல்வன் அந்தக் கூட்டத்தில்தான் முதலும் கடைசியுமாக வாய் திறந்தான். “சார், இது நடக்கற வேகமுங்க. ஓட்டப் பந்தயத்துல ஒரு கிலோமீட்டருக்கு நாலு நிமிசம்...”

“தம்பி, டெக்னிக்கலாப் பேசாதீங்க” என்றார் முதல்வர். “ஐயா மனசு நோகாம வெளியீட்ட முடிச்சுக்கலாம். அப்பறம் வேணுங்கறபடி மாத்திக்குங்க. உங்க தங்கச்சி பேர்ல கையெழுத்துப் போட வேண்டியதும் நாந்தானுங்களே?”

ஒரே ஒரு வரி. நான்கு என்று இருந்ததை அழித்துவிட்டுப் பதினேழு என்று அடிக்க வேண்டும். அவன் அடித்தான். பிறகு தங்கையிடம், “சும்மா பேருக்குத்தான். மதன்குமார் மாஸ்டர் கையில கடியாரம் இருக்குது. நீ உம் பாட்டுக்கு ஓடு” என்று சொன்னான். அவனும் அதை நம்பினான். நம்பாமல் இருந்தால் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டான்.

வெளியீட்டு விழாவும் தேர்வும் ஒரே நாளில். மைதானத்தைச் சுற்றிக் கொடி, நடுவில் பந்தல். ஏழு மணி ஓட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் ஒன்பதே காலுக்கு வந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஐந்து பெண்கள் கோட்டில் நின்று, கையில் கட்டிய செல்போனில் விளக்கேற்றினார்கள். பாடல் ஆரம்பித்தது. செவ்வந்தி பழக்க தோஷத்தில் கெண்டைக்காலை உதறினாள். எல்லோருக்கும் பாடல் முதலிலிருந்து வந்தது. இரண்டாவது தடவை ஒரு பெண்ணுக்குத் தும்மல். மூன்றாவது தடவை கொசு. நான்காவது தடவை பாட்டு முழுதாக முடிந்தபோது எல்லோருடைய காலும் மரத்துப் போயிருந்தது.

தாளாளரும் கலந்துகொண்டார். ஐயாயிரம் மீட்டர் நடப்பது இந்த வயதில் சிரமம் என்பதால் கல்லூரியின் பேட்டரி காரில் உட்கார்ந்து, மடியில் செல்போனோடு வந்தார். காரை ஓட்டிய நிஜாமிடம், “பதினேழு நிமிசக் கணக்கு, ஒரு மயிரிழை கூடக் கொறையக் கூடாது” என்று முதல்வர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நிஜாம் சட்டைப் பையிலும் ஒரு செல்போனைப் போட்டிருந்தார்கள், சரிபார்க்க.

விசில் ஊதியதும் நான்கு பெண்கள் காருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து மெதுவாக நடந்தார்கள். விவரம் தெரிந்த பெண்கள். செவ்வந்தி மட்டும் ஓடினாள்.

முதல் வளைவிலேயே அவள் குரல் அவள் காதுக்குள் ஆரம்பித்துவிட்டது. “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, ஐயாவோட ஆசீர்வாதத்துல நீங்க நல்லாத்தானுங்க ஓடறீங்க, இருந்தாலும், கொஞ்சம் அவசரப்படாதீங்க.” தான் சொன்னால்தான் கேட்பேன் என்றவள். அவளேதான் சொல்கிறாள், கட்டின தொண்டையோடு, பின்னால் போ, பின்னால் போ என்று. இரண்டாவது சுற்றில் அவள் பேட்டரி காரை நெருங்கினாள். பந்தலில் பேச்சு நின்றது. ஒரு துறைத் தலைவர் எழுந்து, வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தார். அவள் காதிலிருந்ததைப் பிடுங்கிக் கழுத்தில் தொங்கவிட்டாள். ‘அறிவுரை புறக்கணிப்பு’ என்று ஆப் குறித்துக்கொண்டது. அவள் காரைக் கடந்து போனாள்.

அதன் பிறகு அவள் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். தறித் தெருவில் ஓடுகிறவள் மாதிரி, ஏறாமல் இறங்காமல், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் ஓடினாள். தாளாளரை அவள் மொத்தம் ஒன்பது தடவை தாண்டினாள். ஒவ்வொரு தடவையும் நிஜாம் தலையைக் குனிந்துகொண்டான். தமிழ்ச்செல்வன் பந்தல் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். பெருமையிலா பயத்திலா என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவள் கோட்டைத் தொட்டபோது மதன்குமார் கடிகாரத்தை அழுத்தினார். பத்தொன்பது நிமிடம், முப்பத்தொரு விநாடி.

மற்றவர்கள் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துப் பேட்டரி கார் கோட்டைத் தொட்டது. பட்டாசு வெடித்தார்கள்.

முடிவை முதல்வரே மேடையில் வாசித்தார். “சீர்நடையில முதலிடம், நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது விழுக்காடு, நம்ம ஐயா. ரெண்டாமிடம், ஓட்டுநர் நிஜாம். மூணாமிடம், வணிகவியல் இரண்டாமாண்டு ஹர்ஷிணி.” முதல் இருவரும் கல்லூரி மாணவிகள் அல்லர் என்பதை விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்துகொண்டு, பல்கலைக்கழகத்துக்கு ஹர்ஷிணியின் பெயரை அனுப்புவதாக அறிவித்தார். வருகைப் பதிவுக்காக வந்த பெண் அது. மேடையேறச் சொன்னதும் அழுதுவிட்டது.

“செவ்வந்தி, சீர்நடை பூஜ்ஜியம்” என்று வாசித்துவிட்டு முதல்வர் காகிதத்தைக் கீழே வைத்தார். “வேகம் பெருசில்லீங்க. நாய் தொரத்துனா ஆரும் ஓடுவாங்க. நாயே தொரத்தாதப்ப அமைதியாப் போறதுக்குத்தான் படிப்பு வேணும். இந்தக் கல்லூரி குடுக்கறது அந்தப் படிப்பத்தான்.”

மதன்குமார் கடிகாரத்தோடு மேடைக்குப் பக்கத்தில் போனார். “சார், பத்தொம்பது முப்பத்தொண்ணுங்க. நம்ம காலேஜ் ரெக்கார்டுங்க.”

“அது கையில புடிக்கற கடியாரமுங்க மதன்குமார். மனுசன் கை நடுங்கும். ஆப்புக்குக் கையே இல்ல. உங்க கை நடுங்காதுன்னு எழுதித் தாரீங்களா?”

மதன்குமாரின் பணி நிரந்தர உத்தரவு அந்த வாரம் தாளாளர் மேசையில் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்து தமிழ்ச்செல்வனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் முதல்வரின் காதோரம், “சார், அந்தக் கணக்குத் தப்புங்க சார்” என்றான்.

“நீங்க பண்ணுன ஆப்தானுங்களே தம்பி? உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?” என்று முதல்வர் சிரித்தபடி கேட்டார். போட்டோகிராபர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார். அறிவிப்புப் பலகையில் இன்னும் அந்தப் படம் இருக்கிறது.

பெயர் அனுப்பும் கடைசி நாள் போயிற்று. மார்ச் மாதம் செவ்வந்திக்குக் கடிதம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டு நிபந்தனையை நிறைவேற்றத் தவறியதால் இடம் ரத்து. கீழே இன்னொரு பத்தி: ஆப்பில் உள்ள குரல் கல்லூரியின் உடைமை, மாணவி விலகிய பிறகும் அது தொடர்ந்து பயன்படுத்தப்படும், ஆட்சேபம் இல்லை என்று கையொப்பமிட்டுத் தந்தால் மட்டுமே மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தாளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த ஒத்த வரிய மாத்தறப்ப, உனக்குக் கை நடுங்கலியாண்ணா?”

உள்ளே அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தமிழ்ச்செல்வன் தாளை நான்காக மடித்தான். நடுங்கவில்லை என்பதுதான் நிஜம்.

இப்போது அவன் ஆய்வக உதவியாளன் இல்லை. சீர்நடை ஒருங்கிணைப்பாளன். தினமும் காலையில் தாளாளர் நடக்கும்போது, முதல்வருக்கும் பின்னால், தண்ணீர் பாட்டிலுக்குச் சற்று முன்னால் நடப்பது அவன் வேலை. கையில் ஒரு பவர் பேங்க் இருக்கும்; நடுவழியில் ஐயாவின் செல்போன் அணைந்துவிடக் கூடாது. செவ்வந்தி காரணம்பேட்டை பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டாள். காலை ஷிப்டுக்கு மில் வேன் வருகிறது. அவள் அதில் ஏறுவதில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள். தாளாளர் கம்பிவேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே மெயின் ரோட்டில், மில் சீருடையைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரே சீரான கால். அவர்கள் கூட்டத்தைத் தாண்டினாள், வேலிக் கடைசியையும் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தாளாளர் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “அட, என்னமா ஓடுது அந்தப் புள்ள! இந்த மாதிரி ஒண்ணு நம்ம காலேஜுல இல்லாமப் போச்சே. ஆருடா தம்பி அது, உனக்குத் தெரியுமா?”

எல்லோரும் தமிழ்ச்செல்வனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியலீங்க ஐயா” என்றான்.

தாளாளர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனதும் அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து செவ்வந்தி, கட்டின தொண்டையோடு, மிகுந்த பணிவாகச் சொன்னாள்: “நல்லாப் போறீங்க. இதே மாதிரிப் போங்க.”